சித்திரையில் பூக்கிறவை

2022ஆம் ஆண்டு பங்குனி கடைசியில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். புதுவருடம் கழிந்து இரண்டாம் கிழமை அந்தப் பெண்ணுக்குக் கலியாணம். படத்தை அனுப்பியது சுவிஸில் இருக்கும் சித்தி. இளஞ்சிவப்பு துலிப், நடுநடுவே வெள்ளை டாஃபடில், ஓரமாக உருண்டையாய்ப் பியோனி, கீழே சாட்டின் ரிப்பன்.

"இதே மாதிரிக் கையில பிடிக்க ஒரு பொக்கே வேணும் அக்கா. சித்திக்கு வர ஏலா. வீடியோவில பாக்கக்குள்ள இது இருக்கணும் எண்டு ஆசைப்படுறா."

நான் மட்டக்களப்புக் கல்லடியில் பூ அலங்காரம் செய்கிறவள். மணவறை, கோயில் கும்பம், தேவாலயப் பீடம், பிறந்தநாள் மேசை, செத்தவீட்டு மலர்வளையம் என்று யார் கேட்டாலும் செய்வேன். வாடிக்கையாளர் காட்டும் படத்துக்கு முடியாது என்று சொல்லப் பிடிக்காது. அன்றும் பார்ப்போம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே ஒன்று உறுத்தியது. டாஃபடில் குளிர் விட்டதும் பூப்பது. பியோனி இளவேனில் முடிந்து கோடை தொடங்கும்போது பூப்பது. ஒரு தோட்டத்தில் இரண்டும் ஒன்றாகப் பூத்து நிற்பது அரிது. சூடாக்கிய கண்ணாடி வீட்டிலோ வேறு நாட்டிலோ விளைந்ததை விமானத்தில் கொண்டுவந்து சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டுக்காரரே அந்த நாட்டுப் பருவத்தை மீறித்தான் அந்தக் கொத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

துலிப் நம் மண்ணில் வராததற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. துலிப் ஒரு கிழங்கிலிருந்து முளைப்பது. அந்தக் கிழங்கு 12 முதல் 16 கிழமை வரை 9 பாகைக்குக் கீழான குளிரில் கிடக்க வேண்டும். அந்த நீண்ட குளிர்தான் உள்ளே உறங்கும் பூமுளையை எழுப்புகிறது. மட்டக்களப்பில் மார்கழி மழை கொட்டும் இரவில்கூட அந்தக் குளிர் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் கிழங்கை வைத்து ஏமாற்றலாம் என்பார்கள். ஏமாற்றி முளைக்க வைத்தாலும், 32 பாகை வெயிலில் தண்டு குட்டையாகி, பூ ஒரே நாளில் விரிந்து கொட்டிவிடும்.

துலிப் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் கோட்டை. மத்திய ஆசியப் புல்வெளிகளில் கிடந்த இந்தப் பூவைத் துருக்கியர்கள் வளர்த்து, அங்கிருந்து அது ஒல்லாந்துக்குப் போனது. ஒல்லாந்தர்கள் அதில் பைத்தியமாகி, ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டின் விலை கேட்கும் அளவுக்குப் போய், 1637 பெப்ரவரியில் அந்தச் சந்தை சரிந்தது. அடுத்த வருடம், 1638இல், அதே ஒல்லாந்தர்கள் வாவிக் கரையில் போர்த்துக்கேயர் கட்டியிருந்த மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். கறுவாவுக்காக வந்தவர்கள் ஊரில் துலிப் பேச்சு ஓய்ந்திருக்காத காலம் அது. புளியந்தீவுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து இதை நினைப்பேன்.

சரி, கலியாணத்துக்கு வருவோம். வழக்கமாக எனக்குக் குளிர்நாட்டுப் பூக்கள் நுவரெலியாவிலிருந்துதான் வரும். ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா, லில்லி எல்லாம். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியா, பதுளை, பிபிலை வழியாக இறங்கிச் செங்கலடியில் வந்து முடிகிறது. மலைப்பூவும் மரக்கறியும் நம்மூருக்கு இறங்கி வரும் வழி அது. அந்த ஏப்ரலில் டீசல் இல்லை. லொறிகள் வரிசையில் நின்றன. வழக்கமாகப் பூ அனுப்புகிறவர், "அக்கா, வாகனம் எப்ப வெளிக்கிடும் எண்டு சொல்ல ஏலா" என்று விட்டார். கொழும்பில் ஒருவர் இறக்குமதித் துலிப் இருபது தண்டு தருவதாகச் சொன்னதும் முற்பணம் அனுப்பினேன். பெட்டி கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தது. வெக்கையில் ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் கிடந்திருக்கிறது. திறந்தபோது அவித்த கீரை மணம்தான் வந்தது. இதழைத் தொட்டால் விரலோடு வந்தது.

விறாந்தைப் படியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். முன்வீட்டு வேலியோரம் கொன்றை அப்படியே பொன்னாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தமிழில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். வாடைக்காற்று மழை தையோடு ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, வயல் அறுவடை முடிந்து, மண்ணுக்குள் இன்னும் ஈரம் இருக்கும் நேரத்தில் வெயில் ஏறும். அந்த ஈரமும் வெயிலும் சேரும் இரண்டு மாதத்தில் பூக்கிறவைதான் எங்கள் இளவேனில் பூக்கள். மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் அவ்வளவுதான், காலையில் கட்டிய மாலை மத்தியானத்துக்குள் சருகாகும். ஆகவே பூக்காரருக்கு இந்த இரண்டு மாதமும் தங்கம்.

முதலில் பூப்பது முள்முருக்கு. இலையெல்லாம் உதிர்ந்த கொப்பில் இரத்தச் சிவப்பாய்க் கொத்துக் கொத்தாக நிற்கும். அம்பாறைப் பக்கச் சிங்கள ஊர்களில் அதை எரபது என்பார்கள். அது பூத்துக் குயிலும் கூவினால் அவர்களுக்குப் புதுவருடம் வந்துவிட்டது. நமக்கு அது கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடும் மரம். அதன் பூவை ஏன் மணவறையில் வைப்பதில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இலையில்லாத ஒரு கொப்பை அப்படியே வெட்டி உயரமான மண்சாடியில் வைத்துப் பாருங்கள், வேறு அலங்காரமே தேவைப்படாது.

அப்புறம் கொன்றை. இதைப்போல ஏமாற்றும் பூ கிடையாது. மரத்தில் பார்த்து மயங்கி, பத்து மணி வெயிலில் வெட்டிக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வருமுன் பாதி உதிர்ந்துவிடும். கொன்றைச் சரம் மேலிருந்து கீழாக மலர்வது. காம்புப் பக்கம் விரிந்து, நுனியில் இன்னும் பச்சை உருண்டை மொட்டாக இருக்கும் சரத்தைத்தான் எடுக்க வேண்டும். சூரியன் எழும்புமுன் வெட்ட வேண்டும். கொப்பின் அடியை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, ஆழமான வாளியில் கழுத்தளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் இருட்டறையில் நிறுத்த வேண்டும். சுத்தியலால் அடியை நசுக்கச் சொல்வார்கள். வேண்டாம். நசுக்கினால் தண்ணீர் ஏறும் குழாய்கள்தான் சிதையும். இப்படிச் செய்தால் ஒரு பகல் முழுக்க நிற்கும். கலியாணத்துக்கு ஒரு பகல் போதும்.

மல்லிகை எனக்குக் காத்தான்குடியில் ஒரு ராத்தாவிடமிருந்து வருகிறது. அவருடைய வளவு முழுக்கக் கடற்கரை மணல். தையில் மழை விட்டதும் செடியை இரக்கமில்லாமல் கவ்வாத்துச் செய்து, எருப் போட்டுத் தண்ணீர் விடுவார். மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும், பழைய கொப்பை வைத்துக்கொண்டிருந்தால் இலைதான் மிஞ்சும். பங்குனியில் தொடங்கி வைகாசி வரை கை ஓயாமல் ஆய்வார். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, மொட்டு வெள்ளையாகி இன்னும் வாய் திறக்காத நேரத்தில் ஆய்ந்து, வாழையிலையில் சுற்றி மகனின் சைக்கிளில் அனுப்பிவிடுவார். மல்லிகைமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். தெளித்தால் மொட்டு மண்ணிறமாகிவிடும். ஈரத்துணியால் மூடினால் போதும்.

இதையெல்லாம் எனக்கு முதலில் கற்பித்தது அம்மம்மா. அவர் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரி. கண்ணகை அம்மன் சடங்குக்கு வைகாசியில் பூ ஆய்கிற வேலை அவர்கள் வீட்டில் வழிவழியாக இருந்தது. கும்பத்துக்குக் கமுகம்பாளை, மடைக்குத் தாமரை, பந்தலுக்குத் தென்னங்குருத்து. நான் சின்னப் பிள்ளையாகப் பூக்கடகத்துக்குள் கையை விட்டால், "தொட்டுத் தொட்டுப் பாக்காத மனே, கைச்சூடு பட்டாப் பூ சோந்து போகும். முதல்ல தண்ணி குடுப்பம், மறுகா பாப்பம்" என்பார். இன்றைக்கு மேல்நாட்டுப் பூக்கலைப் பாடங்களில் வெட்டிய பூவை உடனே அலங்கரிக்காமல் சில மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அம்மம்மாவின் "மறுகா பாப்பம்" அதுதான்.

துலிப் பெட்டி வந்த அன்று பின்னேரம் அவருடைய ஊருக்குப் போனேன். இரவல் சைக்கிளில்தான் போனேன், பெற்றோல் இல்லை. குளத்தில் தாமரை இறங்கி ஆய்கிற அண்ணனைப் பிடித்து, "நாளண்டைக்கு விடிய முப்பது மொட்டு வேணும். விரிஞ்சது வேணாம், நாளைக்கு விரியப்போறதும் வேணாம், அதுக்கு அடுத்த நாள் விரியப்போற மொட்டு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இளஞ்சிவப்பா வெள்ளையா?" என்று மட்டும் கேட்டார். தெரிந்தவர் கேட்கும் கேள்வி.

தாமரை மொட்டு, தூரத்தில் பார்த்தால் துலிப்தான். அதே முட்டை வடிவம், அதே நிமிர்வு. ஆனால் வெட்டிய தாமரை மொட்டு சாடியில் தானாக விரியாது. தண்டுக்குள் நீளமான காற்றறைகள் இருக்கின்றன. வெட்டியதும் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறாது, கழுத்துத் தொங்கும். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, தண்டின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து மறுபடி வெட்டுவது. இரண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்தத் துளைகளுக்குள் மெதுவாகத் தண்ணீர் ஏற்றுவது. அதோடு தண்டுக்குள் ஓர் ஈர்க்கைச் செருகிவிடுவேன், கையில் பிடிக்கும்போது வளையாது.

விரியாத பூவை நாம்தான் விரிக்க வேண்டும். வெளி இதழை ஒவ்வொன்றாக எடுத்து, நுனியை உட்பக்கமாக மடித்து அடியில் சொருகிக்கொண்டு போனால், ஐந்து நிமிடத்தில் மொட்டு அடுக்கடுக்காகத் திறந்து, நடுவில் மஞ்சள் பொகுட்டுத் தெரியும். கோயில்களிலும் தீகவாபி போன்ற விகாரைகளிலும் பூசைக்கு இப்படித்தான் மடிக்கிறார்கள். மடித்த தாமரையைப் பக்கத்தில் வைத்தால் பியோனி எதற்கு?

பூவரசைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆசைப்பட்டு ஒருமுறை தோற்றிருக்கிறேன். வாவிக் கரையெங்கும் நிற்கும் மரம், காலையில் எலுமிச்சை மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்புக் கண். மஞ்சள் பூ வேண்டும் என்ற பெண்ணுக்கு அதை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பின்னேர வரவேற்பில் அத்தனையும் செங்கபில நிறமாக மாறிச் சுருண்டிருந்தன. பூவரசின் இயல்பே அது. இன்னொன்று அந்தூரியம். வெயில் காலம் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்தபோது கறுத்துக் கிடந்தது. ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் 2 முதல் 5 பாகைக் குளிர் சுகம். அந்தூரியம், ஓர்க்கிட் போன்ற வெப்பநாட்டுப் பூக்களுக்கு அதே குளிர் நஞ்சு. அவற்றை ஈரச்சாக்குப் போட்ட நிழலில் வைத்தாலே போதும். அந்தப் பெட்டிக்குள் மாம்பழம் இருந்தால் எந்தப் பூவையும் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எதிலீன் வாயு பூவையும் சேர்த்துக் கிழவியாக்கும். சித்திரையில் நம் வீடுகளில் மாம்பழம் இல்லாத பெட்டி ஏது?

தண்ணீரிலும் கவனம் வேண்டும். கல்லடிக் கிணறுகள் பல உவர். உவர்த் தண்ணீரில் பூ நிற்காது, அதனால் உன்னிச்சையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைத்தான் பாவிக்கிறேன். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிப்புளி, ஒரு தேக்கரண்டி வெளுப்புத் திரவம். சீனி பூவுக்குச் சாப்பாடு, புளி தண்ணீர் ஏற உதவும், வெளுப்பான் கிருமியை அடக்கும். கடையில் விற்கும் பூ உணவுப் பொட்டலத்திலும் ஏறக்குறைய இதே மூன்று வேலைதான் நடக்கிறது.

கலியாணத்துக்கு முதல் நாள் இரவு மணவறைக்கு வேண்டிய, நாங்கள் ஒயாசிஸ் என்று சொல்லும் பச்சை ஸ்பொஞ்சுக் கட்டி கையிருப்பில் இரண்டே இரண்டுதான் இருந்தது. அது 1954இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் நுரை. தண்ணீரை உறிஞ்சிப் பூவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மக்காது, தூளாகி நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் கலக்கும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்தது. நானோ அதுவரை ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் அதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அது காற்றில் பறந்து வாவியில்தான் விழும். அந்த இரவு வேறு வழியில்லாமல் வாழைக்குற்றிக்குத் திரும்பினேன். அம்மம்மாவும் மடை அலங்காரத்தைக் குற்றியில்தான் குத்துவார். முழங்கையளவு வெட்டி, மேலே கூரான மூங்கில் குச்சியால் துளையிட்டு, துளைக்குள் தண்டைச் செருக வேண்டும். வாழையின் உடம்பே தண்ணீர். வெட்டிய குற்றி இரண்டு நாள் ஈரம் விடாது. வேலை முடிந்ததும் மாட்டுக்குப் போடலாம். அன்றிலிருந்து நான் ஒயாசிஸ் வாங்கவில்லை. இந்த ஒரு முடிவில் எனக்கு மிகுந்த நிறைவு.

விடிய நாலு மணிக்குப் பொக்கே கட்டினேன். ஒரு தண்டை நேராகப் பிடித்து, அடுத்ததை அதன்மேல் சாய்வாக வைத்து, மூன்றாவதையும் அதே பக்கச் சாய்வில் வைத்து, இரண்டு மூன்று தண்டுக்கு ஒருமுறை கொத்தைக் கைக்குள் சற்றுத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். அப்போது தண்டுகள் கீழே சுருளாக விரிந்து நிற்கும். ஒரே ஒரு தண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் முழுக்கொத்தும் முறுகிக்கொள்ளும். நடுவில் ஒன்பது இளஞ்சிவப்புத் தாமரை, அவற்றில் நான்கை மடித்து விரித்தேன், ஐந்தை மொட்டாகவே விட்டேன். இடையில் நீல ஆம்பல் வைக்க ஆசை. நம் நாட்டுத் தேசிய மலர் அது. ஆனால் அது பின்னேரம் வாய் மூடிவிடும், விட்டுவிட்டேன். ஓரமாக அன்று காலை பாளை பிளந்த கமுகம்பூ, அரிசிமணி போலச் சிதறி விழும்படி. கீழே மூன்று சரம் கொன்றை. கழுத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி, வாழைநாரால் அகலமாகக் கட்டினேன். நூலால் இறுக்கினால் தாமரைத் தண்டு நசுங்கிவிடும்.

பெண்ணிடம் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. படத்தில் இருந்தது அதில் ஒன்றுமில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மூக்கை மல்லிகைக்குள் புதைத்தாள். போனில் சித்தி வந்தார். அங்கே இன்னும் விடியவில்லை, கம்பளி போர்த்தியிருந்தார்.

"என்ன புள்ள அது? துலிப் கிடைச்சிட்டா?"

"இல்ல சித்தி. கிட்டக் காட்டுறன் பாருங்க."

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "தாமரையாகா? நம்மட குளத்துத் தாமரையா?" என்றவர் அதற்குமேல் பேச முடியாமல் போனைத் திருப்பிவிட்டார். அங்கே வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது.

சித்திரையில் எனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தவக்காலம் முழுக்கத் தேவாலயப் பீடத்தில் பூ வைப்பதில்லை. நாற்பது நாள் வெறுமையாகக் கிடந்த பீடம், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவு வெள்ளையாக நிறையும். லில்லியின் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்போம், இல்லாவிட்டால் பீடத்துணியில் மஞ்சள் கறை ஏறி ஒருநாளும் போகாது. 2019 ஏப்ரல் 21 விடியவும் அந்தக் கறை கையில் இருந்தபடிதான் வீட்டுக்கு வந்து படுத்தேன். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தம் கேட்டு எழும்பினேன். அதில் இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அந்தக் கிழமை மலர்வளையத்துக்கு நான் காசு வாங்கவில்லை. ஊரில் இருந்த வெள்ளைப் பூவெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. கடைசியில் கேட்டு வந்தவர்களுக்கு நந்தியாவட்டையும் மல்லிகையும் வைத்துக் கட்டினேன். ராத்தா ஒரு கடகம் மொட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார், விலை சொல்லாமல். இன்றும் உயிர்த்த ஞாயிறு அலங்காரத்தில் ஒரு பிடி மல்லிகையைப் பீடத்தின் ஓரத்தில் வைக்கிறேன்.

பூக்களைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொண்டவர்கள் அல்ல நாங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதுவருடத்தன்று தலையில் வைத்து முழுகும் மருத்துநீரில் தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள் எல்லாம் வெந்து ஒரு மணம் வரும். சித்திரை பிறந்துவிட்டது என்று எனக்கு உறைப்பது அந்த மணத்தில்தான்.

சுவிஸ் சித்தி அடுத்த வருடம் ஆவணியில் வந்தார். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான். வந்த இரண்டாம் நாளே என்னைத் தேடி வந்து, அந்தத் தாமரைக் குளத்தைக் காட்டச் சொன்னார். கூட்டிக்கொண்டு போனேன். கச்சான் அடித்து முடிந்த குளம். வெடித்த சேறு, நடுவில் ஒரு பாய் அளவு தண்ணீர், காய்ந்த தாமரை இலைகள் கடதாசிபோலச் சரசரத்தன. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்று விளிம்பு வரை போய்க் குனிந்து, உலர்ந்த ஒரு பொகுட்டை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே விதைகள் கலகலத்தன.

"சித்திரையில வாங்க அக்கா," என்றேன்.

பொகுட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தச் சித்திரைக்கு டிக்கெட் போட்டிருப்பதாகப் போன கிழமை செய்தி அனுப்பினார். தாமரை ஆய்கிற அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.